பட்டு வெந்த தண்ணீர்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் எதை எதில் ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதையெல்லாம் இப்போது மெஷினே செய்துவிடுகிறது. நீங்களும் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று ஆபீசில் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அது குறையவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆகவே பெருமையடிக்கிற கதை எதையும் எதிர்பார்க்காதீர்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கிணறுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஐப்பசி மழை வருஷா வருஷம் ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஏரியை நம்பி விவசாயம் செய்தவர்கள் எல்லாம் ஆயில் என்ஜின் வாங்கிக் கிணற்றில் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மட்டம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய் கிணற்றில் அளவு நாடாவை இறக்கி மட்டம் பார்ப்பது, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து பரிசோதிப்பது, இதுதான் எங்கள் வேலை. நான் கெமிஸ்ட். ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கினாலே குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்று பெண்கள் கதவைச் சாத்திக்கொண்ட காலம். "தண்ணி பாக்க வந்திருக்கேம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்று கத்திக்கொண்டேதான் ஒவ்வொரு தெருவிலும் நுழைவேன்.

ஐயம்பேட்டைக்கும் டவுனுக்கும் நடுவே ஒரு நெசவாளர் தெரு. பெயர் வேண்டாம். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கிணறு தோண்டித் தண்ணீர் கண்டால் முதல் குடத்தை அம்மனுக்கு ஊற்றுவார்கள். அடுத்த குடம் சாயப்பட்டறைக்குப் போகும். அங்கே இன்னும் வேகவைக்காத பச்சைப் பட்டு நூலில் ஒரு கழியை அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டு வேகவைப்பார்கள். நூலில் ஒட்டியிருக்கும் பசை கழன்று, பட்டு மெத்தென்று பளபளப்பாக வெளியே வந்தால் கிணறு பாஸ். நூல் மங்கி, சொரசொரவென்று வந்தால் ஃபெயில். பாஸான கிணற்றில்தான் தெரு முழுவதும் குடிக்கும், உலை வைக்கும். மனிதன் குடித்துப் பார்த்துத் தண்ணீரைத் தேர்ந்தெடுக்கிற ஊர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். இங்கே பட்டு தேர்ந்தெடுத்தது.

சிரிக்காதீர்கள். பட்டுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. அதற்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள்.

என் தாத்தா காலத்தில் அந்தத் தெருக்காரர்கள் முதலில் ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு கிணறு தோண்டியிருக்கிறார்கள். அதில் பட்டு சரியாக வேகவில்லை. பருப்பும் வேகவில்லை. அதை அப்படியே ஏரிக்கரைக் காலனிக்கு விட்டுவிட்டார்கள். காலனி என்றால், வயலில் கூலி வேலை பார்த்து வந்த, சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பங்கள். பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பிறகு தெருவுக்குள்ளேயே வெடி வைத்துப் பாறையை உடைத்து, ஆழமாக இன்னொரு கிணறு தோண்டினார்கள். அதில் பட்டு வெண்ணெய் மாதிரி வந்தது. அன்றைக்குத் தெருவில் பொங்கல் வைத்தார்களாம்.

நான் முதல் தடவை போனபோது ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றது. "தூக்குடா, மெதுவா, முதுகுல கை குடு" என்று யாரோ சொல்வது கேட்டது. எட்டிப் பார்த்தேன். காலை இறக்கி உட்கார்ந்து நெய்வதற்காகத் தோண்டிய தறிக்குழிக்குள் இருந்த ஒரு ஆளை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். கிழவராக இருக்கும் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் என் வயதுதான், முப்பதைத் தாண்டி இருக்காது. கழுத்து திரும்பவில்லை. என்னைப் பார்ப்பதற்கு உடம்பு முழுவதையும் திருப்பினார். அவர் பெயர் ஏகாம்பரம். தூக்கியவர்கள் அவருடைய தம்பிகள்.

"இன்னாம்மா, கெணத்த அளக்க வந்துட்டு மனுசன அளந்துக்கினு நிக்கறீங்க?" என்று சிரித்தார். பல் முழுவதும் பழுப்புப் பட்டை பட்டையாக இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"குழி வாதம்மா. தறிக்குழி ஈரம் எலும்புல ஏறிப்பூடுச்சு. எங்கப்பாவுக்கும் இதான். காலைல எறக்கி வுடுவானுங்க, பொழுது போனா தூக்கி வுடுவானுங்க. நடுவுல நான் ராசா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் அவருடைய பையன் நின்றிருந்தான். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, பாதங்கள் விலகி இருந்தன. தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஏகாம்பரத்தின் மனைவி தனம், நடக்கிற வயசுப் பெண் குழந்தை ஒன்றை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். எல்லாம் பழுப்பு. ஆந்திராப் பக்கம் சில ஊர்களில் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாகி இப்படி ஆவதைப் படித்திருந்தேன். படித்ததை நேரில் பார்ப்பது வேறு.

அப்போது எங்கள் வழக்கமான பரிசோதனையில் ஃபுளோரைடு கிடையாது. உப்பு எவ்வளவு, கடினம் எவ்வளவு, கிருமி இருக்கிறதா, அவ்வளவுதான். நான் தனியாகச் செய்து பார்த்தேன். நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பச் செய்தேன். பாறைக்கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. யாரும் அதில் எதையும் கலக்கவில்லை, பாறையிலேயே இருப்பதுதான் கரைந்து வருகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் அது நன்றாகக் கரையும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால்தான் சோப்பு நுரைக்கும், பட்டும் வேகும். ஆக, எந்தக் குணத்துக்காக அந்தத் தண்ணீரைத் தெரு கொண்டாடியதோ அந்தக் குணம்தான் அவர்கள் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை போனபோது தனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப்புக்கே வந்துவிட்டாள்.

"ஆபீசரம்மா, தெருத் தண்ணியிலதான் கோளாறுன்னு உங்க டிரைவர் சொல்றாரே, நெசமா?"

மறைக்க எனக்குத் தோன்றவில்லை. ஆமாம் என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. நான் வாலாஜாபாத்துல பொறந்தவ. என்னாட்டம் வாக்கப்பட்டு வந்தவளுங்க பல்லெல்லாம் வெள்ளையா இருக்குது. இங்கயே பொறந்தது அத்தனையும் பழுப்பு. சொன்னா எங்க மாமியார் அடிக்க வர்றாங்க, அம்மன் குடுத்த தண்ணியச் சொல்றியான்னு. பையனுக்கு ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டேன். இவளுக்கு ஒரு சொட்டு குடுக்கலை. இன்னும் பால்தான். இம்மாம் பெரிய பொண்ணுக்குப் பால் குடுக்கறாளேன்னு தெருவே சிரிக்குது. பால் வத்திக்கினே வருதும்மா. நின்னுடுச்சுன்னா இவளுக்கு எந்தத் தண்ணிய ஊத்தட்டும்? அதச் சொல்லிட்டுப் போங்க."

எந்தத் தண்ணீர் கூடாது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். எது கூடும் என்று யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. பாலாற்றுத் தண்ணீர் பைப்பில் டவுனுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தத் தெரு வரை குழாய் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் குடம் தூக்கிப் போகிற தூரத்தில் இருந்த கிணறு அத்தனையையும் பார்த்தேன். பாதி வற்றிக் கிடந்தது, மீதி பாறைத் தண்ணீர். தேறியது ஒன்றே ஒன்று. ஏரிக்கரைக் காலனிக் கிணறு, பட்டு ஃபெயில் போட்ட கிணறு.

அந்தக் கிணற்றடியில் ரோசம்மாள் என்று ஒரு பெண்மணி இருந்தார். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். தண்ணீர் அடியில் கிடந்ததால் பெண்கள் படியில் இறங்கிச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். யார் முதலில், யார் பிறகு, ஆளுக்கு எவ்வளவு என்பதெல்லாம் ரோசம்மாள் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். முதலில் நான் தண்ணீர் எடுத்தபோது, "கெட்டதுன்னு சொல்லி மூடறதுக்கா எடுத்துக்கினு போற?" என்று கேட்டார். முடிவு வந்ததும் நானே நல்ல சேதி சொல்லப் போகிறேன் என்ற நினைப்பில் போனேன். உங்கள் தண்ணீர்தான் இந்த வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் முகம் இருண்டுபோயிற்று.

"மெதுவா பேசும்மா. யார் யாராண்ட சொல்லிக்கீற?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லாத. உன்னக் கையெடுத்துக் கும்புட்றேன். கெட்ட கெணறுன்றதாலதாம்மா இது எங்களாண்ட இருக்குது. நல்லதுன்னு தெரிஞ்சா வுட்டு வெப்பாங்களா? எங்க தாத்தன் தோண்டுனதுன்னு வந்து நிப்பாங்க. அதுவும் நெசந்தான. அப்பறம் நாங்க எங்க போவோம்?"

ஏரிக்கரையில் தனியாக நடந்து ஜீப்புக்கு வந்தேன். ஒரு பக்கம் தனத்தின் மடியில் இருக்கிற குழந்தை. இன்னொரு பக்கம் இந்தக் காலனி முழுவதும். மேலதிகாரியிடம் சொன்னேன். "ரிப்போர்ட் எழுதி அனுப்பிடும்மா. அதோட நம்ம வேலை முடிஞ்சுது" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவரைப் பார்க்க எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. ரிப்போர்ட் போனால் காலனியின் கிணறு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிறபோது உடனே வாயைத் திறக்காதீர்கள், பயந்து மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். நம்மால் அளக்க முடிந்ததை முதலில் அளந்துவிட வேண்டும். நான் அந்த வாரம் முழுவதும் காலனிக் கிணற்றிலேயே கிடந்தேன். பெண்கள் மொண்டுபோன பிறகு எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பார்த்தேன். காலனிக்குப் போதும். அதற்கு மேல், தெருவில் இருக்கிற வீடுகளுக்குக் குடிக்கவும் உலைக்கும் வீட்டுக்கு ஒரு குடம் கிடைக்கும். குடத்தால் மொண்டால் மட்டும். என்ஜின் வைத்து இறைத்தால் ஒரே காலையில் தரை தட்டிவிடும். தரை தட்டினால் தெருவும் காலனியும் சேர்ந்து பாறைத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

ரோசம்மாளிடம்தான் முதலில் போனேன். "நான் சொல்லத்தான் போறேன். அங்கயும் குழந்தைங்க இருக்கு. ஆனா என்ஜின் வைக்க விடமாட்டேன்" என்றேன்.

"வுடறதுக்கும் வுடாததுக்கும் நீ யாரும்மா? சொல்லிட்டு நீ ஜீப்புல ஏறிப் பூடுவ" என்றார்.

நியாயமான கேள்வி.

தெருக் கோயில் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டினோம். பகல் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் தறி முதலாளி. தெருவில் பாதி வீடுகளுக்குப் தறியில் ஏற்றுகிற பாவு நூலும் பட்டும் கொடுத்து நெய்து வாங்குபவர் அவர்தான். சாயப்பட்டறையும் அவருடையது. அவரிடம் பகைத்துக்கொண்டால் தறி சும்மா கிடக்கும். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு கலகலவென்று சிரித்தார். அவர் பல்லும் பழுப்புதான்.

"இன்னாம்மா சொல்றீங்க? பட்டு வெந்த தண்ணி கெட்டது, பருப்பு வேகாத தண்ணி நல்லதா? படிச்சவங்க சொல்றீங்க, நாங்க இல்லன்னு சொல்ல முடியுமா? சரி, பிள்ளைங்க விசயம். ஒண்ணு செய்வோம். அந்தக் கெணறு எங்க பெரியவங்க தோண்டுனதுதான். என்ஜின் நான் வாங்கித் தரேன். பைப்பு போட்டு இங்க கொண்டாந்துடலாம்."

"என்ஜின் வெச்சா கிணறு தாங்காதுங்க. குடம் எடுத்துக்கிட்டு போய் மொண்டு வரணும். வீட்டுக்கு ஒரு குடம்."

"அங்கயா? எங்க பொம்பளைங்க அங்க போயி, அவங்களோட வரிசையில நிக்கணுமா?"

"ஆமாம்."

ஒரு பெரியவர் எழுந்து, பைப்பில் வந்தால் தீட்டு இல்லை, குடத்தில் வந்தால் தீட்டு என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த உலகத்தில் எந்தப் பைப்பு அதை வடிகட்டுகிறது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம், கூட்டம் அதோடு கலைந்தது. கேட்காமலும் இருந்திருக்க முடியாது, என் பிறவி அப்படி.

முதலாளிக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. கொஞ்ச நாளில் என்ஜின் வைக்கிற ஃபைல் என் மேஜைக்கே வந்துவிட்டது. கிணறு தாங்கும் என்று நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்றேன். பெரிய அதிகாரி ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பிள்ளைங்க விஷத்தைக் குடிக்குதுன்னு எழுதினது நீங்க. நல்ல தண்ணி எங்க இருக்குன்னு எழுதினதும் நீங்க. கொண்டு வர்றோம்னு சொன்னா தடுக்கறதும் நீங்க. அப்படியே ஃபைல்ல எழுதட்டுமா?"

"எழுதுங்க சார். என்ஜின் வெச்ச மறுநாள் ரெண்டு ஊர்ப் பிள்ளைங்களும் அந்த விஷத்தைத்தான் குடிக்கும், அதையும் சேர்த்து எழுதுங்க."

"பிடிவாதம் பிடிக்காதீங்கம்மா."

"பிடிவாதம் தெருக்காரங்களுக்கு சார். ஏரிக்கரையைத் தாண்டிக் குடத்தோட நடக்க முடியாதாம்."

தைரியமாகப் பேசிவிட்டேனே தவிர, வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கையெழுத்துப் போடாத ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைகள் அதைத்தான் குடித்தார்கள். வண்டியில் பீப்பாய் வைத்துத் தெரு முனைக்குக் கொண்டுவந்து ஊற்றலாம் என்று கேட்டுப் பார்த்தேன். காலனிக்காரன் மொண்டு ஊற்றின தண்ணீர் வேண்டாம் என்றார்கள். மொள்வதற்குத் தெருக்காரனையே அனுப்புங்கள் என்றேன். எவனும் இறங்க மாட்டான் என்றார்கள். முட்டி மோதிப் பார்த்து ஓய்ந்துபோனேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

என்ஜின் வரவில்லை. கிணறு பிழைத்தது. தெரு குடிக்க வரவில்லை.

ஒருத்தி மட்டும் வந்தாள். ஒரு நாள் காலையில் நான் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது தனம் ஒரு பித்தளைக் குடத்தோடு ஏரிக்கரையில் இறங்கி வந்தாள். கிணற்றடியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரோசம்மாள் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அப்படியெல்லாம் நடக்காது.

"இன்னா இந்தப் பக்கம்?"

"கொழந்தைக்குத் தண்ணி வேணும்."

"உங்க தெரு முச்சூடும் வருமா, நீ மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

"எங்க பொம்பளைங்க அத்தனை பேரும் மொண்டுக்கட்டும். கடைசியில நின்னு எடுத்துக்கோ."

தனம் கடைசியில் போய் நின்றாள். வெயில் ஏறிவிட்டது. அவள் முறை வந்தபோது தண்ணீர் சேறாக இருந்தது. ஊறட்டும் என்று படியிலேயே உட்கார்ந்து, மொண்டு, வடிகட்டி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள். கொஞ்ச நாள் போனதும் ரோசம்மாள் அவளை நடுவில் நிற்கச் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நான் பார்க்கவில்லை.

தெருவில் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். முதலாளி ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பி, தறியில் இருக்கிற பாவு நூலை நெய்து முடித்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தம்பிகள் தனியாகப் போய்விட்டார்கள். ஏகாம்பரத்தைத் தறிக்குழியில் இறக்கிவிடவும் ஆள் இல்லை, இறங்கினாலும் நெய்வதற்குப் பாவு இல்லை. நான் போய்ப் பார்த்தபோது சுவரோரமாக ஒரு பலகையில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தனம் டவுனில் யாருக்கோ நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது அந்தத் தண்ணியக் குடிங்க. இதுக்கு மேல ஏறாம இருக்கும்" என்றேன்.

"எனக்கு இனிமேலயா ஏறப்போவுது? ஒரு கொடந்தாம்மா எடுத்தார்றா. பிள்ளைங்க குடிக்கட்டும். நான் இதுலயே பொறந்தவன், இதையே குடிச்சிட்டுப் போறேன்." சிரிக்கத்தான் பார்த்தார். கழுத்து இறுகிக்கொண்டே வந்ததால் விழுங்குவதற்கே கஷ்டப்பட்டார். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. ஊரு சொல்றதே போதும்."

இதற்காகவா நான் கையெழுத்துப் போடாமல் இருந்தேன் என்று அன்று ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எனக்கு மாற்றல் ஆகிவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் சில வருஷம். அங்கிருந்தபோதுதான் ஏகாம்பரம் இறந்துபோன செய்தி வந்தது. நிமிர்த்திப் படுக்கவைக்க முடியாமல் உட்கார்ந்த வாக்கிலேயே பாடை கட்டினார்களாம்.

நான் செய்தது சரியா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். சரிதான். இன்றைக்கு அதே ஃபைல் வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் சரியாகச் செய்துவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். பாட்டிலில் வருகிற தண்ணீரை நாம் நல்லது, கெட்டது என்று பிரித்துவிடுவோம். அது சுலபம். அந்தக் கிணற்றடியில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பது பாட்டிலில் வராது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். போங்கள். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு எழுதாதீர்கள்.

மறுபடி காஞ்சிபுரத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தெருவுக்குத்தான் போனேன். என் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்த பிறகுதான் ஒரு பிள்ளை என்ன தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று தெரியும். தனத்தின் பெண்ணுக்கு அந்த வயது வந்திருக்கும்.

தெருவில் பாறைக்கிணற்றைச் சுற்றி அதே கூட்டம். குழாய் இன்னும் வரவில்லை. தனம் தெருக் கடைசியில் ஒரு கூரைச் சாய்ப்பில் இருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பையன் உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் கால் அப்படியேதான் இருந்தது, எழுந்து வந்து என்னை வரவேற்கச் சங்கடப்பட்டு உட்கார்ந்தபடியே கும்பிட்டான். பெண் செல்வி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். நல்ல உயரம். கால் இரண்டும் நேராக இருந்தன.

"எங்க, பல்லைக் காட்டு" என்றேன்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"காட்டுடி, நம்ம ஆபீசரம்மாதான்" என்றாள் தனம்.

செல்வி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. நான் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அடி என் தங்கமே, இந்தத் தெருவுலயே உன் பல்லுதான் அழகு. சிரிச்சுக்கிட்டே இரு" என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். சட்டென்று செல்வி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பிடித்தாம்மா இவ" என்றாள் தனம். "இங்க பொறந்த பிள்ளைக்குப் பல்லு வெள்ளையா இருந்தா எந்தத் தண்ணி குடிச்சுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபூடுது. காலனிப் பல்லு, காலனிப் பல்லுன்னு கூப்பிட்றாங்க. பக்கத்துல யாரும் உக்கார்றதில்ல. அதனால வாயே தொறக்க மாட்டா."

வெளியே பிள்ளைகள் பழுப்புப் பல் அத்தனையும் தெரிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கு முழங்கால் ஒன்றோடொன்று இடித்தது. அவர்கள் தாண்டிப் போகிற வரைக்கும் செல்வி கையை எடுக்கவில்லை.